பின்சக்கரத்தின் மேல் விழுந்த பழி

நவம்பர் 10

காலைக் குளிர் ஏழு பாகைக்குக் கீழே இறங்கிவிட்டது. டொராண்டோ டயர் கடைகளில் முன்பதிவு நிரம்பும் வாரம் இது. பழைய கார் வாங்குகிறவர்களுக்கு இலவச ஆலோசனை கிடைக்கும் வாரமும் இதுதான். அந்த ஆலோசனையில் தவறாமல் வருவது ஒன்று: பின்சக்கர இயக்கம் உள்ள கார், அதாவது ரியர் வீல் டிரைவ், ஸ்னோவுக்கு ஆகாது. விலை குறைந்து வந்தாலும் தொடாதே என்பார்கள். இந்தத் தீர்ப்பில் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் அந்தப் பாதியை முழுசாக நம்பியவர்கள் நாலு சக்கர இயக்கத்துக்கு ஆயிரக்கணக்கில் கூடுதல் பணம் கொடுத்துவிட்டு, தேய்ந்த ஆல் சீசன் டயரோடு ஜனவரிக்குள் நுழைகிறார்கள். இன்ஜினின் விசை எந்தச் சக்கரத்துக்குப் போகிறது என்பது வண்டி கிளம்புவதைத் தீர்மானிக்கிறது. வண்டி நிற்பதையும் திரும்புவதையும் தீர்மானிப்பது டயரின் ரப்பர். பனியில் உயிர் போவது பெரும்பாலும் கிளம்ப முடியாமல் அல்ல, நிற்க முடியாமல். என் வாதம் இவ்வளவுதான். இந்தக் குளிர்காலம் முழுக்க இதை எதிர்க் கேள்விகளோடு உரசிப் பார்க்க உத்தேசம்.

நவம்பர் 19

முதலில் எதிர்த் தரப்பின் பலமான வாதத்தைப் பார்த்துவிடுவோம். முன்சக்கர வண்டியில் இன்ஜினும் கியர்பாக்ஸும் இயங்கும் சக்கரங்களின் தலைக்கு மேலேயே உட்கார்ந்திருக்கின்றன. மொத்த எடையில் ஏறத்தாழ 60 சதவீதம் முன்னால் இறங்கும். டயருக்குத் தரையில் கிடைக்கும் பிடிப்பு அதன் மேல் அழுந்தும் எடையைப் பொறுத்தது. எனவே புதுப்பனியில் முன்சக்கர வண்டி சுலபமாகக் கிளம்புகிறது. பின்சக்கர காரில் இன்ஜின் முன்னால், இயங்கும் சக்கரம் பின்னால். நன்றாக வடிவமைத்த காரில் எடை பாதிக்குப் பாதியாகப் பிரியும். காலியான பிக்கப் டிரக்கில் பின்பக்கம் அதைவிட இலேசு. இதை மறுக்க வழியில்லை.

ஆனால் இந்த வாதம் குற்றம் சாட்டுவது எடை இருக்கும் இடத்தைத்தான், பின்சக்கரத்தை அல்ல. பழைய வோக்ஸ்வாகன் பீட்டில் முழுக்க முழுக்கப் பின்சக்கர வண்டி. அதன் இன்ஜின் பின் அச்சுக்கும் பின்னால் இருந்தது. எடையில் பெரும்பங்கு இயங்கும் சக்கரங்களின் மேல். 1960களில் அந்த நிறுவனம் அமெரிக்கத் தொலைக்காட்சியில் காட்டிய புகழ்பெற்ற விளம்பரம் ஒன்றில், பனி தள்ளும் லாரியின் ஓட்டுநர் விடியுமுன் தன் லாரி நிற்கும் இடத்துக்குப் போய்ச் சேர்வதே ஒரு பீட்டிலில்தான். பின்பக்கம் இலேசான பெரிய செடான்களும் இங்கே வட அமெரிக்காவில் பல பத்தாண்டுகள் போலீஸ் வண்டியாகவும் டாக்சியாகவும் ஓடின. அவற்றில் ஒன்றான ஃபோர்டு கிரவுன் விக்டோரியா கடைசிவரை உற்பத்தியானது ஒன்டாரியோவில், செயின்ட் தாமஸ் நகருக்கு அருகே. 2011 செப்டம்பரில்தான் அந்த ஆலையின் கதவு மூடியது. அதுவரை பனிப்புயல் இரவுகளில் விபத்து நடந்த இடத்துக்கு வந்து நின்றதும், விமான நிலையத்திலிருந்து பயணிகளை ஏற்றி வந்ததும் பெரும்பாலும் இந்த ரகக் கார்கள்தான். சொகுசாக வந்தன என்று சொல்லவில்லை. ஆனால் ஆகவே ஆகாத வண்டியை நம்பி ஒரு குளிர்நாட்டுப் போலீஸ் இத்தனை காலம் ஓட்டியிருக்காது.

‘அவர்கள் பயிற்சி பெற்ற ஓட்டுநர்கள்’ என்று இடைமறிக்கலாம். போலீசுக்குப் பொருந்தும். டாக்சி ஓட்டியவர்களில் பலர் பனியையே முதன்முதலாக இந்த நாட்டில்தான் பார்த்தவர்கள். நம்மவர்களும் அதில் அடக்கம்.

டிசம்பர் 1

கியூபெக் மாகாணத்தில் இன்று முதல் மார்ச் 15 வரை விண்டர் டயர் கட்டாயம். 2008 குளிர்காலத்தில் வந்த சட்டம் இது. முதலில் டிசம்பர் 15 என்றிருந்த தொடக்க நாளை, பனி அதற்குமுன்பே விழுந்து தொலைக்கிறது என்பதால், 2019இல் முன்னால் தள்ளினார்கள். டயரின் பக்கவாட்டில் மூன்று முகடுள்ள மலையும் அதற்குள் பனிப்படிகமும் பொறித்திருக்க வேண்டும். வெறும் ‘எம் பிளஸ் எஸ்’ எழுத்துகள் 2014 முதல் அங்கே செல்லாது. அந்த எழுத்துகள் டயரின் வரிப்பள்ள அமைப்பை மட்டும் குறிக்கின்றன. மலைச் சின்னம், பனியில் ஓட்டிச் சோதித்துக் குறிப்பிட்ட அளவு இழுவிசை காட்டிய டயருக்கே கிடைக்கும்.

இந்தச் சட்டத்தில் எனக்குப் பிடித்தது அது கேட்காமல் விட்ட கேள்வி. கார் முன்னால் இயங்குகிறதா, பின்னால் இயங்குகிறதா, நாலிலும் இயங்குகிறதா என்று அது விசாரிப்பதே இல்லை. நாலு சக்கர இயக்கம் இருந்தால் விலக்கு என்று ஒரு வரியும் இல்லை. ஒன்டாரியோவில் கட்டாயம் கிடையாது. ஆனால் 2016 ஜனவரி முதல் விண்டர் டயர் போட்டவர்களுக்குக் காப்பீட்டு நிறுவனங்கள் கட்டணத்தில் தள்ளுபடி தர வேண்டும். அந்தத் தள்ளுபடியும் டயருக்குத்தான்.

கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பார்க்கலாம். காய்ந்த தாரில் டயரின் உராய்வுக் கெழு 0.7 அளவில் இருக்கும். இறுகிய பனியில் 0.2, 0.3 என்று சரியும். ஈரப் பனிக்கட்டியில் 0.1க்கும் கீழே போகும். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் பிடித்தால், 0.7க்கு வண்டி நிற்க ஏறத்தாழ 14 மீட்டர் வேண்டும். 0.3 என்றால் 33 மீட்டர். 0.2 என்றால் 49. இப்போது எடுத்துக்காட்டாக, ஒரே சாலையில் நல்ல விண்டர் டயருக்கு 0.3, குளிரில் விறைத்த ஆல் சீசன் டயருக்கு 0.2 என்று வைத்துக்கொள்வோம். விண்டர் டயர் மாட்டிய பின்சக்கர காருக்கு எடையில் பாதிதான் இழுவைக்கு உதவும். அது ஏறக்கூடிய சரிவு ஏறத்தாழ 15 சதவீதம். விறைத்த டயரோடு 60 சதவீத எடையை நம்பும் முன்சக்கர கார் 12 சதவீதத்திலேயே சுழல ஆரம்பிக்கும். கிளம்பும் விஷயத்திலேயே டயர் அச்சை வென்றுவிட்டது. விறைத்த டயர் போட்ட நாலு சக்கர வண்டி 20 சதவீதச் சரிவையும் ஏறிவிடும், மறுக்கவில்லை. ஆனால் ஏறியவன் இறங்கவும் வேண்டும். சமதரையிலேயே அந்த வண்டி நிற்க 16 மீட்டர் கூடுதலாகக் கேட்கும். மூன்று கார்களை வரிசையாக நிறுத்தி இன்னும் மிஞ்சுகிற தூரம் அது. குறுக்கே பாதசாரிக் கோடு இருந்தால் அந்த 16 மீட்டருக்குள் யார் வேண்டுமானாலும் இருக்கலாம்.

டிசம்பர் 27

கிளம்ப முடியாமல் சிக்கிய சக்கரத்தைக் கிட்டத்தில் நின்று பார்த்தால் ஒன்று புரியும்: வண்டியைவிட ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும் கால்தான் அதிகம் கெடுக்கிறது. சக்கரம் சுழலச் சுழல உராய்வுச் சூட்டில் பனியின் மேல்தோல் உருகுகிறது. கால் எடுத்த மறுநிமிடம் அது கண்ணாடிபோல் உறைகிறது. வெள்ளையாக இருந்த குழி சாம்பல் நிறமாகப் பளபளக்கத் தொடங்கும்போது 0.2 இருந்த இடத்தில் 0.1தான் மிச்சம். சாதாரண டிஃபரன்ஷியல் உள்ள காரில் ஒரு பக்கச் சக்கரம் வழுக்கினால் அது மட்டும் வெறியாகச் சுழலும்; பிடிப்புள்ள மறுபக்கம் சிலைபோல் நிற்கும். இந்தக் காட்சிதான் பின்சக்கர காரின் மானத்தை வாங்கியது. மிதமான விசை, இரண்டாம் கியரில் கிளம்புவது, சக்கரத்தின் முன்னால் கொஞ்சம் மணல், பெரும்பாலும் இவை போதும்.

டிக்கியில் மணல் மூட்டை போடும் பழக்கம் பற்றியும் சொல்ல வேண்டும். பலன் உண்டு, ஆனால் மூட்டை பின் அச்சுக்கு நேர் மேலே இருக்க வேண்டும். டிக்கியின் கடைசி விளிம்பில் தள்ளிவைத்தால் அது நெம்புகோலாக வேலை செய்து முன்சக்கரத்தைத் தூக்கிவிடும். திருப்பும் பிடிப்பு குறையும். கட்டாமல் போட்ட மூட்டை மோதலில் பின்சீட்டை முட்டிக்கொண்டு வரும் என்பது அடுத்த அபாயம். மேலும் ஏற்றிய எடையை நிறுத்தவும் வேண்டுமல்லவா? விண்டர் டயர் வாங்கும் காசுக்கு மணல் மாற்றாகாது.

ஜனவரி 16

அடுத்த எதிர்ப்பு இன்னும் கனமானது. பின்சக்கர கார் வளைவில் வாலாட்டும்; முன்சக்கர கார் அதிகபட்சம் நேராகப் போகும். சராசரி ஓட்டுநர் பயத்தில் காலை எடுப்பார். முன்சக்கர வண்டி அதோடு பெரும்பாலும் அடங்கிவிடும். பின்சக்கர வண்டிக்கு எதிர்த் திசையில் ஸ்டியரிங் ஒடிக்கத் தெரிந்திருக்க வேண்டும். எல்லாருக்கும் அது வருமா? வராது, ஒப்புக்கொள்கிறேன்.

இருந்தும் இரண்டு பதில்கள் உண்டு. ஒவ்வொரு டயரிடமும் உள்ள பிடிப்பு மாதச் சம்பளம் மாதிரி: இழுப்பதற்குச் செலவழித்தது போகத்தான் திரும்புவதற்கு மிஞ்சும். முன்சக்கர காரில் முன்டயர் இரண்டும் இழுக்கவும் வேண்டும், திருப்பவும் வேண்டும். பின்சக்கர காரில் வேலை பிரிந்திருக்கிறது. நிதானமாக ஓட்டுகிறவருக்கு வளைவில் முன்சக்கரம் சொல்பேச்சுக் கேட்கும். இரண்டாவது பதில் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. 2011 செப்டம்பர் முதல் தேதிக்குப் பிறகு தயாரான கார்களுக்குக் கனடாவிலும் அமெரிக்காவிலும் மின்னணு நிலைத்தன்மைக் கட்டுப்பாடு கட்டாயம். பின்பக்கம் நழுவத் தொடங்கியதைக் கார் தானே உணர்ந்து, தேவையான ஒற்றைச் சக்கரத்துக்கு மட்டும் பிரேக் போட்டு, இன்ஜின் விசையையும் குறைக்கிறது. தனி வாகனம் சிக்கும் உயிர்ப்பலி விபத்துகளின் அபாயத்தை இது ஏறத்தாழ பாதியாகக் குறைப்பதாக அமெரிக்கக் காப்பீட்டுத் துறையின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிறுவனம் கண்டது. பின்சக்கர காரைப் பற்றிய பயங்கரக் கதைகளில் பெரும்பாலானவை இதற்கு முந்தைய காலத்தவை. அந்தக் கதைகளில் டயர் என்ன என்பதை யாரும் சொல்வதில்லை என்பதையும் கவனிக்கலாம்.

பழைய நம்பிக்கை புதிய வண்டியிலும் செல்லுபடியாகிற ஓர் இடம் உண்டு. பின்மோட்டார் மட்டும் உள்ள மின்காரில் காலை எடுத்தாலே மோட்டார் மின்னாக்கியாக மாறிப் பின்சக்கரத்தைப் பிடித்து இழுக்கும். காய்ந்த சாலையில் சுகம். பிளாக் ஐஸ் என்னும் கண்ணுக்குத் தெரியாத பனிக்கட்டிப் படலத்தின் மேல், வளைவின் நடுவே, அது பின்பக்கத்துக்கு மட்டும் பிரேக் போடுவதற்குச் சமம். கட்டுப்பாட்டுக் கணினி நொடிக்குள் விடுவித்துவிடும் என்றாலும், மீளாக்க பிரேக்கின் அளவைக் குறைத்துவைக்க வசதியுள்ள கார்களில் குளிர்காலத்தில் அதைக் குறைத்துவிடுவதே மேல். கியர் காரில் சடாரென்று கீழ் கியருக்கு இறக்குவதும் இதே தப்புதான்.

பிப்ரவரி 8

‘நாலு சக்கர இயக்கமும் விண்டர் டயரும் சேர்ந்தால் முன்சக்கர கார், பின்சக்கர கார் இரண்டையும் வெல்லுமே?’ வெல்லும். பணம் இருந்தால் அதுவே சிறந்தது. என் சண்டை அதோடு அல்ல, நாலு சக்கர இயக்கத்தை விண்டர் டயருக்குப் பதிலாக வாங்குவதோடு. அந்த இயக்கத்தின் வேலை வழுக்கலை மறைப்பது. சிக்னலில் பச்சை விழுந்ததும் சலனமில்லாமல் கிளம்பிய ஓட்டுநருக்குச் சாலை நன்றாக இருப்பதாகவே தோன்றும், 80க்குப் போவார். சாலையின் உண்மை நிலவரம் பிரேக்கில் கால் வைக்கும்போதுதான் தெரியவரும். பிரேக் எல்லாக் காரிலும் நாலு சக்கரத்துக்கும் இருக்கிறது. அங்கே இவருக்குச் சலுகை ஏதுமில்லை. பின்சக்கர காரோ கிளம்பும் முதல் அடியிலேயே, நடைவேகத்தில், சற்றே வாலாட்டிச் சாலையின் யோக்கியதையைச் சொல்லிவிடும். இந்த முன்னெச்சரிக்கையை ஒரு குறையாக மட்டும் பார்ப்பது சரியென்று எனக்குப் படவில்லை. ஆனால் எச்சரிக்கையைக் கேட்டு வேகத்தைக் குறைக்காதவருக்கு அதனால் நன்மையில்லை. எச்சரிக்கையே பாதுகாப்பு என்று வாதிட மாட்டேன்.

செலவுக் கணக்கில், இரண்டாவது செட் டயர் வீண் என்பார்கள். விண்டர் டயர் ஓடும் மாதங்களில் கோடை டயர் தேயாமல் கிடக்கிறது. ரப்பர் செலவு பெரும்பாலும் இரண்டுக்கும் பங்காகிவிடும். கூடுதல் செலவு தனி ரிம்முக்கும் வருஷத்துக்கு இருமுறை மாற்றும் கூலிக்கும்தான். இதில் மிச்சம்பிடிக்க இயங்கும் சக்கரங்களுக்கு மட்டும் இரண்டு டயர் போடுவது பழைய கால வழக்கம். பின்சக்கர காரில் அப்படிச் செய்தால் வண்டி உற்சாகமாகக் கிளம்பும், திருப்பத்தில் முன்பக்கம் கேட்காது. முன்சக்கர காரில் செய்தால் பிரேக் பிடித்ததும் பின்பக்கம் முந்திக்கொள்ளும். போட்டால் நாலும் போட வேண்டும்.

மார்ச் 15

கியூபெக்கில் இன்றோடு கெடு முடிகிறது. பனி அப்படி முடிவதில்லை என்பதால் விவரம் தெரிந்தவர்கள் ஏப்ரல்வரை டயரைக் கழற்ற மாட்டார்கள்.

பின்சக்கர கார் யாருக்கு ஆகாது என்பதையும் எழுதிவிட வேண்டும். பனி தள்ளும் லாரி காலை பத்து மணிக்கு முன் வராத கிராமத்துச் சாலையில், செங்குத்தான வாசல் வழி உள்ள வீட்டில் இருந்துகொண்டு, விடிகாலை ஷிப்டுக்குப் போகிறவருக்கு அது ஆகாது. அங்கே கிளம்புவதே பிரச்சினை. அவருக்கு நாலு சக்கர இயக்கம் ஆடம்பரமல்ல, தேவை. வண்டியின் அடிவயிற்றைத் தொடும் அளவுக்குப் பனி கிடக்கிற இடத்திலும் இதே கதைதான். ஆனால் உப்புத் தூவி, விடியுமுன் சுத்தம் செய்த நகரச் சாலையில் ஓட்டுகிறவர்கள்தான் இங்கே பெரும்பான்மை. அவர்களில் ஒருவர் வசந்தத்தில் மலிவாக வரும் பின்சக்கர காரைப் பார்த்துத் தயங்கினால், அச்சைப் பற்றிக் கேட்பதை விட்டுவிட்டு டயரருகே குனிந்து பார்க்கட்டும். பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும்; முதல் இரண்டு தயாரான வாரம், அடுத்த இரண்டு வருஷம். வரிப்பள்ளம் நாலு மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்த டயரைப் பனிச்சாலையில் ஓட்ட வேண்டாம் என்பது கனடா அரசின் போக்குவரத்துத் துறை சொல்வது. அளவுகோல் சில டாலருக்குக் கிடைக்கும். ஆழம் குறைவாக இருந்தால் நாலு புது விண்டர் டயரின் விலையைக் காரின் விலையோடு கூட்டிக்கொண்டு பேரம் பேசலாம். அப்படியும் அதே வயது நாலு சக்கர வண்டியைவிட மலிவாக வந்தால், ரியர் வீல் டிரைவ் என்பதற்காக அந்தக் காரை விட வேண்டியதில்லை.