தவளைக்கால்

போன ஐப்பசியில் ஒரு நாள். பள்ளிக்கூடத்திலிருந்து வந்த என் பெண் ஷூவைக் கழற்றாமலே ஊஞ்சலில் போய் உட்கார்ந்துகொண்டாள். வழக்கமாக வாசலிலேயே ஷூ ஒரு பக்கம், பை ஒரு பக்கம் என்று பறக்கும்.

"என்னடி கண்ணு?" என்றேன்.

"விளையாட்டுக்கு ஷூவைக் கழற்றச் சொன்னார்கள். எல்லாரும் என் காலைப் பார்த்துவிட்டு, தவளைக்கால், தவளைக்கால் என்று..." மேலே சொல்ல முடியவில்லை. ஒரே அழுகை.

விஷயம் இதுதான். அவளுடைய இரண்டு கால்களிலும் கட்டை விரலுக்கு அடுத்த இரண்டு விரல்கள் பாதிவரை மெல்லிய தோலால் ஒட்டியிருக்கும். அவள் பிறந்த அன்றே டாக்டர் பார்த்துவிட்டு, "நடக்க, ஓட ஒரு தடையும் இல்லை. கத்தி வைக்க வேண்டாம்" என்று சொல்லிவிட்டார். மறக்காதவர் என் மாமியார்தான்.

"கிரகணத்தன்று ரவிக்கைக்குக் கொக்கி தைக்காதே என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன், கேட்டாயா? சேர்த்துத் தைத்த மாதிரி வந்து பிறந்திருக்கிறது. நாளைக்குக் கல்யாணத்தில் மெட்டியை எந்த விரலில் போடுவார்கள்?"

ஏழு வருஷமாக இந்தக் கேள்வி எங்கள் வீட்டில் இருந்து வருகிறது. தைத்தது நிஜந்தான். ஆபீசுக்கு நேரமாகிவிட்டது, கொக்கியோ அறுந்து தொங்கியது. நான் படித்தவள்தான், பத்திரிகையில் எழுதுகிறவள்தான். ஆனாலும் ராத்திரியில் தூங்கும் குழந்தையின் காலைத் தடவும்போது அந்தக் கொக்கி என் நினைவுக்கு வராமல் இருந்ததில்லை.

தீபாவளிக்குக் கும்பகோணம் பக்கத்தில் என் பெரியப்பா வீட்டுக்குப் போனோம். கல்லூரியில் விலங்கியல் கற்பித்து ஓய்வு பெற்றவர். குழந்தையின் காலைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலை, "வாடி, உன் சொந்தக்காரர்களைப் பார்த்துவிட்டு வரலாம்" என்று குளத்தங்கரைக்கு அழைத்துக்கொண்டு போனார். எனக்குச் சுருக்கென்றது. இருந்தாலும் பின்னாலேயே போனேன்.

மழை விட்டிருந்தது. குளத்தில் கண்களை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு தவளைகள் மிதந்தன. நாங்கள் போன சத்தத்தில் ஒன்று தண்ணீர்மேலேயே தத்தித் தத்திப் பாய்ந்து போயிற்று. தட்டாரப் பூச்சி பிடிக்கிறவர் மாதிரி பதுங்கிப் போய்ப் பெரியப்பா ஒன்றைப் பிடித்துவிட்டார்! கிணற்றடித் தொட்டியில் அதை விட்டு, "இப்போது வாயைத் திறக்காமல் பார்" என்றார்.

எத்தனையோ மழைக்காலம் பார்த்திருக்கிறேன். தவளை நீந்துவதை அன்றுதான் பார்த்தேன். பின்னங்கால்கள் இரண்டையும் உடம்போடு மடித்துக்கொள்கிறது. பிறகு இரண்டையும் ஒரே சமயத்தில் பின்னால் உதைக்கிறது. உதைக்கும்போது ஐந்து விரல்களும் விரிந்து, நடுவில் இருக்கும் ஜவ்வு குடை மாதிரி விறைத்துத் தண்ணீரைத் தள்ளுகிறது. உடம்பு முன்னால் வழுக்கிக்கொண்டு போகிறது. காலை மறுபடி இழுக்கும்போது விரல்கள் சேர்ந்து, ஜவ்வு சுருங்கி, குடை மடங்கிவிடுகிறது. மடக்காமல் விரித்தபடியே இழுத்தால், முன்னால் போன தூரமெல்லாம் பின்னால் வந்துவிடும் அல்லவா?

"தாத்தா, முன்னங்காலில் ஜவ்வே இல்லையே!" என்று கத்தினாள் குழந்தை. நான் கவனிக்கவில்லை. நாலு விரல்களும் தனித்தனியாக இருந்தன. நீந்தும்போது அந்தக் கைகளை விலாவோடு ஒட்டி வைத்துக்கொள்கிறது. "குதித்து இறங்கும்போது உடம்பைத் தாங்கவும், இரையை வாயில் திணிக்கவுந்தான் அதற்குக் கை. துடுப்பு வேலையெல்லாம் காலுக்கு" என்றார் பெரியப்பா.

பிறகு ஒரு வேடிக்கை செய்தார். அவள் கையில் ஒரு பாலிதீன் பையை மாட்டி, மணிக்கட்டில் கட்டி, விரல்களை விரித்துத் தண்ணீரைத் தள்ளச் சொன்னார். "அப்பா, கனக்கிறது!" என்றாள். பையைக் கழற்றிவிட்டு விரலை விரித்துத் தள்ளினால் தண்ணீர் விரலிடுக்கில் நழுவிப் போகிறது. 1933-ல் பிரான்ஸில் கடற்படை அதிகாரி லூயி த கொர்லியூ காலில் மாட்டிக்கொண்டு நீந்தும் ரப்பர்த் துடுப்புக்கு உரிமை பதிவு செய்தாரே, அதுவும் இந்த வித்தைதான்.

எல்லாத் தவளைக்கும் ஒரே கால் இல்லையாம். தரையில் திரியும் தேரைக்கு ஜவ்வு குறைச்சல். மண்ணைத் தோண்டி ஒளியும் ஜாதிக்குக் குதிகால் பக்கத்தில் மண்வெட்டி மாதிரி ஒரு மேடு. எல்லாவற்றையும் மிஞ்சியது ஒன்று உண்டு. 1855-ல் போர்னியோ தீவில் வாலஸ் என்ற ஆங்கில இயற்கை ஆராய்ச்சியாளரிடம் ஒரு சீனத் தொழிலாளி ஒரு பச்சைத் தவளையைக் கொண்டுவந்து கொடுத்தான். உயர்ந்த மரத்திலிருந்து பறப்பதுபோலச் சரிந்து இறங்கியதைக் கண்ணால் பார்த்தேன் என்றான். வாலஸ் அளந்து பார்த்தார். உடம்பு நாலு அங்குலந்தான்; நாலு பாதங்களின் ஜவ்வையும் விரித்தால் சுமார் பன்னிரண்டு சதுர அங்குலம்! அதன் உறவுக்காரத் தவளை நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இருக்கிறது. செம்மஞ்சள் ஜவ்வை நாலு பாதங்களிலும் விரித்து, மரத்துக்கு மரம் ஒன்பது, பத்து மீட்டர்கூட மிதந்து போகும். தண்ணீரைத் தள்ளிய அதே ஜவ்வு, அங்கே காற்றைத் தாங்குகிறது.

அன்று ராத்திரி குழந்தை தூங்கின பிறகு, கொக்கி விஷயத்தைப் பெரியப்பாவிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நான் எழுந்து போயிருப்பேன்.

"வயிற்றில் இருக்கும் எல்லாக் குழந்தைக்கும் கையும் காலும் முதலில் துடுப்பு மாதிரிதான் இருக்கும். நீயும் நானும் அப்படித்தான் இருந்தோம். சுமார் எட்டாவது வாரத்துக்குள் விரல்களுக்கு நடுவில் இருக்கிற செல்கள் தாமாகவே மடிந்து, விரல்கள் பிரியும். தவளைக்குப் பொதுவாக அந்தச் செல்கள் மடிவதில்லை. உன் பெண்ணுக்கு இரண்டு விரலுக்கு நடுவே அந்த வேலை பாதியில் நின்றுவிட்டது. நீ எந்த மாதத்தில் கொக்கி தைத்தாய்?"

"ஏழாவது மாதம்."

"அப்படியானால் அதற்கு முன்னால் நாலு மாதத்துக்கும் மேலாக அவள் விரல் ஒட்டித்தான் இருந்திருக்கிறது. போய்த் தூங்கு" என்றார்.

நான் தூங்கவில்லை. திண்ணையில் உட்கார்ந்து, குளத்துத் தவளைகளின் கச்சேரியைக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஏனோ அழுகையாக வந்தது.

ஊர் திரும்பிய அன்றே குழந்தை பாட்டியிடம் போய்க் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டாள்.

"பாட்டி, அம்மா கிரகணத்தன்று தைத்ததால்தானே எனக்கு இப்படி?"

"ஆமாம்."

"தவளைக்கு எல்லா விரலும் ஒட்டியிருக்கிறதே, அதன் அம்மா என்ன தைத்தாள்?"

என் மாமியார் என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் சட்டென்று சமையலறைக்குள் நுழைந்துகொண்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"போடி, தவளைக்கு யார் மெட்டி போடப் போகிறார்கள்?" என்றார் கடைசியில். சொல்லிவிட்டு அவரே சிரித்துவிட்டார்.