பழைய காமிராக்களோடு சில பொழுதுகள்

தபால் தலை சேர்ப்போரைக் கண்டிருக்கிறோம். பழைய நாணயம் சேர்ப்போரையும் கண்டிருக்கிறோம். அவர்களை உலகம் ஓரளவு மதிக்கத்தான் செய்கிறது. ஓடாத காமிராவை விலை கொடுத்து வாங்கி வந்து, ஞாயிறு முழுவதும் சாப்பாட்டு மேசைமேல் அதைப் பிரித்துப் பரப்பி வைத்துக்கொள்பவரை வீட்டிலுள்ளோர் எங்ஙனம் மதிப்பர் என்பதை அன்பர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கைபேசியில் எடுத்த படம் நொடிப்பொழுதில் நெல்லைக்கும் தஞ்சைக்கும் போய்ச் சேரும் இந்நாளில் இந்தப் பழங்கருவிகளோடு ஏன் மல்லுக்கட்டுகிறீர்கள் என்று நண்பர்கள் கேட்பதுண்டு. நேரில் கேட்கும்போது சிரித்து மழுப்பிவிடுகிறோம். இம்மலரில் சற்று விரிவாகவே சொல்லலாம்.

மும்பையில் இப்பித்துப் பிடித்தவர்க்கெல்லாம் புகலிடம் பெண்டி பஜாரை அடுத்த சோர் பஜார். வெள்ளிக்கிழமை வைகறையில் அங்குச் சென்றால் உடைந்த கிராமபோனுக்கும் துருவேறிய பூட்டுக்கும் நடுவே ஏதேனும் ஒரு காமிரா கண்ணில் படாமற் போகாது. நாம் அங்கு முதன்முதலில் வாங்கியது ஒரு யாஷிகா எலக்ட்ரோ 35. 1966-இல் ஜப்பானில் வெளிவந்த வகை. அதன் நோயை அறிய மருத்துவர் போலக் காது கொடுத்தால் போதும். படச்சுருளை நகர்த்தும் நெம்புகோலைத் தள்ளும்போது உள்ளேயிருந்து 'டக்' என்றோர் ஒலி எழ வேண்டும். எழாவிடில் உள்ளேயுள்ள சிறியதொரு ரப்பர்த் துண்டு காலத்தால் கரைந்துவிட்டது என்று பொருள். நகக்கண் அளவுகூட இராத அத்துண்டை மாற்ற, மேல்மூடியும் முன்முகமும் கழற்றப்பட வேண்டும். ஜப்பானியத் திருகுகளின் தலைப்பள்ளம் நம் கடைகளில் கிடைக்கும் திருப்புளிக்குச் சரியாகப் பொருந்தாது. பொருந்தாத திருப்புளியால் முறுக்கினால் பள்ளம் மழுங்கி, பின் எவராலும் திறக்க இயலாது. பொறுமை என்னும் குணத்தை நமக்குக் கற்பித்தவர்கள் ஆசிரியர்கள் அல்லர், இத்திருகுகளே.

ஆயினும் மும்பையில் காமிராவுக்கு உண்மைப் பகை திருகன்று, மழை. ஜூன் தொடங்கிச் செப்டம்பர் வரை காற்றிலேயே நீர் நிற்கும் இவ்வூரில் லென்ஸின்மேல் பூஞ்சை சிலந்திவலை போலப் படர்கிறது. தொடக்கத்தில் கண்டுகொண்டால் அம்மோனியாவும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கலந்து துடைத்துவிடலாம். காலம் தாழ்ந்தால் அது கசியவிடும் அமிலம் கண்ணாடியின் மேற்பூச்சை அரித்துவிடும். அரித்த தடம் எதற்கும் அழியாது. காமிராவோடு வந்த தோலுறையே பாதுகாப்பு என்று எண்ணிப் பலர் அதற்குள்ளேயே வைத்துப் பூட்டிவிடுகின்றனர். தோல் ஈரத்தை உண்டு வைத்திருப்பது. பூஞ்சைக்கு அதைவிட நல்ல வீடு வேறில்லை. உறையைத் தனியே எடுத்து வைத்து, காமிராவை சிலிக்கா ஜெல் இட்ட டப்பாவில் வைப்பதே முறை. ஊரிலிருந்து கொண்டு வந்த பழைய காமிரா எவர் வீட்டிலேனும் இருந்தால் இதை இன்றே செய்க.

சேகரிப்போர் பலவகை. இதே மும்பையைச் சேர்ந்த திலீஷ் பாரேக் என்பவர் 4,425 காமிராக்களைச் சேர்த்து 2003-இல் கின்னஸ் பதிவில் இடம் பெற்றார். நம்மிடம் உள்ளவை பத்தொன்பது. இருபதாவதாக வந்திருக்க வேண்டியதைப் பற்றித்தான் சொல்ல வந்தோம்.

சயானில் நம் குடியிருப்பில் வாழும் மூதாட்டியார் ஒருவர், திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்தவர். அவர்தம் கணவர் ரயில்வே பட்டறையில் பணியாற்றி 1984-இல் மறைந்தார். வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தபோது பரண்மேலிருந்த தகரப் பெட்டியில் கணவரின் காமிரா கிடைத்ததாம். அக்ஃபா கிளிக் 3. அந்நாளில் நம் நாட்டு நடுத்தரக் குடும்பங்கள் பலவற்றில் திருமணத்தையும் திருவிழாவையும் பார்த்த கருவி அது. ஒரே வேகத்தில் இயங்கும் ஷட்டர். ஒரு சுருளில் பன்னிரண்டு சதுரப் படங்கள். கெட்டுப்போக அதில் பெரிதாக ஒன்றுமில்லை. விசையை அழுத்தினோம், சுருள்வில்லில் உயிர் இருந்தது. பின்னர்த் திருப்பிப் பார்த்தபோதுதான் முதுகிலுள்ள சிவப்புச் சன்னலில் ஓர் எண் தெரிந்தது. ஒன்பது.

எட்டுப் படங்கள் எடுத்து, ஒன்பதாவதற்குச் சுருளை நகர்த்தி வைத்துவிட்டு அவர் போயிருக்கிறார்.

சன்னல்மேல் உடனே கறுப்பு நாடாவை ஒட்டினோம். அம்மையாரிடம் இரண்டு வழிகளைச் சொன்னோம். இருட்டில் சுருளை அப்படியே எடுத்துக் கழுவலாம். எட்டில் ஒன்றேனும் தேறக்கூடும். அன்றி, எஞ்சிய நான்கையும் எடுத்து முடித்தபின் கழுவலாம். ஆனால் நாற்பதாண்டு கடந்த படச்சுருள், நகர்த்தும்போது கிழிந்தால் உள்ளதும் போய்விடும். முதல் வழியே அறிவுடையது என்றும் சொன்னோம். அம்மையார் சற்று நேரம் காமிராவையே பார்த்திருந்தார்.

"மிச்சம் நாலையும் எடுத்திருங்க தம்பி. அவுக பாதியில விட்டதுதான" என்றார்.

நண்பகல் வெயிலில் மொட்டை மாடியில் எடுத்தோம். மூப்பால் உணர்திறன் குன்றிய சுருளுக்கு அத்துணை ஒளி தேவை. அம்மையாரும் பேரப்பிள்ளைகளும் நின்றனர். ஒவ்வொரு முறை குமிழைத் திருகும்போதும் நம் விரல்கள் கூசின. சுருள் கிழியவில்லை.

இருட்டில் உறை பிரித்துக் கழுவித் தொட்டியை விட்டு எடுத்தபின்தான் பார்த்தோம், அது 'இந்து' சுருள். உதகையில் 1960-இல் நிறுவப்பட்டு, 1967-இல் உற்பத்தியைத் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்னும் அரசு நிறுவனத்தின் ஆக்கம். அந்நிறுவனம் நலிந்து 2010-களில் மூடப்பட்டுவிட்டது. நீலகிரியில் பிறந்த அப்பண்டம் தாய் நிறுவனத்தைவிட நீண்ட ஆயுள் பெற்று ஒரு பரண்மேல் காத்திருந்திருக்கிறது.

மூட்டம் மிகாதிருக்கக் குளிர்ந்த டெவலப்பரில் கழுவியிருந்தோம். முதல் எட்டில் ஐந்து வெறும் சாம்பல். ஒன்றில் பின்தாளின் எண்களது நிழல் படிந்து, அதன் ஊடே ஒரு தேரின் சக்கரம். ஒன்றில் கிணற்றடியில் யாரோ ஒருவர் அசைந்துவிட்ட உருவம். அது தம் நாத்தனார் என்று அம்மையார் அவர் நின்ற விதத்தைக் கொண்டே சொன்னார். மற்றொன்றில் திண்ணை, திண்ணையில் கைக்குழந்தையோடு இளம்பெண் ஒருத்தி, வெயிலுக்குக் கண் சுருக்கி எடுப்பவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். மாடியில் நாம் எடுத்தவற்றில் இரண்டு மங்கலாகத் தேறின. அவற்றிலும் அவர் அதே போலத்தான் கண் சுருக்கியிருந்தார்.

திண்ணைப் படத்தைப் பெரிதாக அச்சிட்டுத் தந்தோம். அம்மையார் அதை நெடுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னது, "அந்தத் தூண் இப்ப இல்ல" என்பது மட்டுமே.

காமிராவை நம் சேகரிப்புக்குத் தருவார் என்று ஓர் ஆசை நமக்கு இருந்ததை மறைப்பானேன்? அலமாரியில் இடங்கூட ஒதுக்கியிருந்தோம். அவரோ புதுச் சுருள் எங்கே கிடைக்கும் என்று விசாரித்தார். வரும் சித்திரையில் பேத்தி ஊருக்குப் போகிறாளாம். வாங்கிக் கொடுத்து, மாட்டும் விதத்தையும் அப்பெண்ணுக்குக் கற்பித்தோம். ஒதுக்கிய இடத்தில் இப்போது சோவியத் நாட்டு ஜெனித் ஒன்று அமர்ந்திருக்கிறது. அதன் ஷட்டர் இன்னும் பிடிவாதமாக இருக்கிறது.