சில்லின் அழகும் சில்லறைக் கணக்கும்

புலம்பெயர்ந்த நம்மவர் வாழ்வில் புதிய கார் என்பது வெறும் வாகனம் அன்று. ஊருக்கு அனுப்பும் புகைப்படத்தில் பின்னணியாக நிற்கும் பெருமை அது. இனிப் பிறர் வாசலில் நின்று, வைத்தியசாலைக்குக் கொண்டுபோய் விடுங்கள் என்று கேட்க வேண்டியதில்லை என்ற ஆறுதலும் அதுவே. ஆகையால் அதனை வாங்கும் வேளையில் தேவை எது, ஆசை எது என்று பிரித்தறிவது எளிதன்று. விலை பேசி முடிந்து, கையொப்பமிடப் பேனாவை எடுக்கும் தறுவாயில் விற்பனையாளர் மெல்லக் கேட்பார்: “அலோய் சில்லுப் போடுவோமா?”

அண்மையில் அல் ஐன் நகரில் எமது தம்பி குடும்பத்துடன் சில வாரங்கள் தங்கியிருந்த வேளை, இக்கேள்வி ஒரு வீட்டின் நிம்மதியையே மூன்று நாட்கள் கலைத்ததைக் கண்டோம். வாசகருள் பலர் இதே கேள்வியை வெவ்வேறு நாடுகளில் எதிர்கொள்பவர்கள் என்பதால் அதனைச் சற்று விரிவாக எழுதத் துணிகிறோம்.

அல் ஐன், அபுதாபி அமீரகத்தின் கிழக்கெல்லையில் ஓமானின் புரைமியை ஒட்டிக் கிடக்கும் உள்நாட்டு நகரம். கடல் இல்லை, பேரீச்சந் தோப்புகள் உண்டு. பலஜ் எனப்படும் பழைய நீர்க்கால்வாய்கள் இன்றும் அத்தோப்புகளுக்கு நீர் பாய்ச்சுகின்றன. வன்னியின் வாய்க்கால்களைக் கண்ட கண்களுக்கு அக்காட்சி அந்நியமாகத் தோன்றாது. 2011 ஆம் ஆண்டில் யுனெஸ்கோ இந்நகரின் சோலைகளையும் தொல்லியல் இடங்களையும் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. ஆனால் தலைநகர் அபுதாபி ஏறத்தாழ 160 கிலோமீற்றர் தொலைவில் உள்ளது, இடையில் பாலைவனம். கோடையில் வெப்பம் 45 பாகையைத் தாண்டும். இத்தகைய ஊரில் கார் ஆடம்பரம் அன்று.

தம்பி பதினெட்டு ஆண்டுகளாக அங்கு வேலை செய்பவர். அத்தனை ஆண்டும் நிறுவனத்தின் வண்டியையோ, மூன்று கை மாறிய பழைய காரையோ ஓட்டியவர். இப்போதுதான் முதன்முறையாகப் புதிய கார். அதன் அடிப்படை வகைக்கு உருக்குச் சில்லும் அதன்மேல் பிளாஸ்ரிக் மூடியும் வரும். பதினேழு அங்குல அலோய் சில்லு வேண்டுமாயின் மேலதிகமாக 3,000 திர்ஹம். 2018 முதல் நடைமுறையிலுள்ள 5 சதவீதப் பெறுமதிசேர் வரியுடன் 3,150. “அண்ணை, இவ்வளவு காலம் ஆற்றையோ காரை ஓடினன். இது என்ரை கார். வடிவாய் இருக்கட்டுமே,” என்றார் அவர். அந்தச் சொல்லில் இருந்த நியாயத்தை நாம் மறுக்கவில்லை. மறுக்க எவருக்கும் மனம் வராது.

விற்பனையாளரின் கணக்கு வேறு விதமானது. அமீரகத்தின் மத்திய வங்கி 2011 இல் வகுத்த விதிப்படி, கார்க் கடன் வாகனப் பெறுமதியின் 80 சதவீதத்தை மீறலாகாது. 60 மாதங்களுக்குள் கட்டி முடிக்கவும் வேண்டும். எனவே 3,150 இல் 630 ஐக் கையில் கொடுத்தால், மிகுதி 2,520 ஐ அறுபதால் வகுக்க, மாதம் 42 திர்ஹம். “நாளுக்கு ஒரு தேநீர்க் காசுதானே!” என்றார் அவர். வட்டி அதற்குப் புறம்பு என்பதை அவர் சொல்லவில்லை. பெருந்தொகையைத் தேநீராக உடைத்துக் காட்டும் இவ்வித்தை எந்நாட்டு விற்பனையாளருக்கும் கைவந்தது. தேநீரை வேண்டாமென்று நிறுத்தலாம். தவணையை நிறுத்த முடியாது என்பதை மட்டும் நாம் நினைவில் வைத்தல் வேண்டும்.

இனி, சில்லின் குணங்களைப் பார்ப்போம். அலோய் சில்லு என்பது அலுமினியக் கலப்புலோகத்தை வார்த்துச் செய்வது. 1924 ஆம் ஆண்டிலேயே புகாட்டி நிறுவனத்தின் பந்தயக் கார் வார்ப்பு அலுமினியச் சில்லுகளுடன் ஓடியது. அலுமினியத்தின் அடர்த்தி உருக்கின் அடர்த்தியில் மூன்றிலொரு பங்களவே. ஆயினும் வலிமைக்காகத் தடிப்பாக வார்ப்பதால் அந்த இலாபத்தின் பெரும்பகுதி கரைந்துவிடும்; விட்டத்தையும் கூட்டினால் எடை உருக்குச் சில்லுக்குச் சமமாகவே வந்து நிற்பதுண்டு. வெப்பத்தை விரைவாகக் கடத்துவதால் பிறேக் சற்று விரைவில் ஆறும் என்பது உண்மை. அல் ஐனின் ஹபீத் மலைப்பாதை ஆயிரம் மீற்றருக்கு மேல் ஏறி வளைந்து வளைந்து இறங்குவது. அதனைக் காட்டித்தான் விற்பனையாளரும் வாதிட்டார். ஆனால் அவ்விறக்கத்தில் சிறிய காரைக் காப்பது சில்லின் உலோகம் அன்று. கீழ்க் கியரில் மெதுவாக இறங்கும் சாரதியின் நிதானமே.

எவரும் எடுத்துச் சொல்லாத விடயம் ரயரில் இருக்கிறது. அடிப்படை வகைக்கு வரும் ரயரில் 195/65 ஆர் 15 என்று பொறிக்கப்பட்டிருந்தது. அகலம் 195 மில்லிமீற்றர். பக்கச் சுவரின் உயரம் அதில் 65 சதவீதம், அதாவது ஏறத்தாழ 127 மில்லிமீற்றர். உட்சில்லின் விட்டம் 15 அங்குலம். அலோய் சில்லுக்கு வருவது 225/45 ஆர் 17. அதன் பக்கச் சுவர் 101 மில்லிமீற்றர்தான். வெளிவிட்டம் ஒன்றே, சில்லுப் பெருத்த அளவுக்கு ரப்பர் மெலிந்துவிடுகிறது. ஒரு அங்குல ரப்பர் குறைந்தால், வேகத்தடையின் அடியும் சுற்றுவட்டத்துக் கல்விளிம்பின் உரசலும் நேரே உலோகத்தைச் சேரும். அல் ஐனில் இரண்டுக்கும் பஞ்சமில்லை. உருக்கு வளைந்தால் சனாயா எனப்படும் தொழிற்பேட்டையில் தட்டி நிமிர்த்திக் கொடுப்பார்கள். பிளாஸ்ரிக் மூடி உடைந்தால் மலிவாக மாற்றலாம். வார்ப்பு அலுமினியம் பலத்த அடியில் வெடித்துவிடக் கூடும். வெடித்ததை ஒட்டி ஓடுவது ஆபத்து. அகன்ற ரயரின் விலையும் பொதுவாகக் கூடுதல். காலாவதியான ரயருடன் ஓடினால் அங்கு 500 திர்ஹம் தண்டமும் நான்கு கரும்புள்ளிகளும் ஒரு வார வாகனத் தடுப்பும் உண்டு. ஆகவே அந்தக் கூடுதல் செலவு ஒருமுறையோடு முடியாது.

இரண்டாம் நாள் இரவு நாம் யாழ்ப்பாணத்தை நினைத்துக்கொண்டோம். தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக் காலத்தில் பழைய மொறிஸ் மைனர்களும் ஓஸ்ரின்களும் மண்ணெண்ணெயில் ஓடிய வீதிகள் அவை. அன்று காரின் வடிவை எவரும் கேட்டதில்லை. பிரசவ வேதனையில் இருப்பவளை வைத்தியசாலை வரை கொண்டுசெல்லுமா என்பதே கேள்வி. அப்பழைய உருக்குச் சில்லுகள் எத்தனை உயிர்களைச் சுமந்தன!

இதனைக் கூறி ஆசையைக் குற்றமாக்குவது எமது நோக்கமன்று. துன்பத்தை அளவுகோலாக வைத்து வாழ்நாள் முழுவதும் வாழ முடியாது. ஆனால் வளைகுடாவில் வாழும் நம்மவரின் நிலை தனியானது. அமீரகம் 1951 ஆம் ஆண்டின் அகதிகள் சாசனத்தில் ஒப்பமிட்ட நாடு அன்று. அங்கு வதிவுரிமை வேலையோடு கட்டுண்டது. வேலை போனால் குறித்த நாட்களுக்குள் வேறு வேலை தேட வேண்டும், அல்லது நாட்டை விட்டு நீங்க வேண்டும். அவ்வேளை அவசரத்தில் விற்கப்படும் காருக்கு, சில்லின் அழகுக்கென்று எவரும் முழு விலை தரமாட்டார்.

முடிவைத் தந்தவர் தம்பியின் மனைவி. விலைப்பட்டியலை மூன்றாம் நாள் முழுமையாக வாசித்த அவர், அதே காரின் அடுத்த வகையில், உருக்குச் சில்லுடனேயே, பக்கவாட்டுத் திரைக் காற்றுப்பைகள் இருப்பதைக் கண்டார். மேலதிக விலை ஏறத்தாழ அதே 3,000. “இஞ்சருங்கோ, சில்லை எப்பவும் வாங்கிப் பூட்டலாம். காற்றுப்பையைப் பிறகு பூட்ட ஏலுமோ? பிள்ளையள் இருக்கிறது பின் இருக்கையிலை,” என்றார். வீடு அமைதியாயிற்று. தம்பி சற்று நேரம் பேசவில்லை. பின்னர் சிரித்துக்கொண்டே, அடுத்த காருக்குப் பார்ப்போம் என்றார். அச்சிரிப்பில் சிறிது ஏமாற்றமும் இருந்தது. அதனை நாம் மதிக்கிறோம்.

எமது பட்டப்படிப்போ கலைத்துறையில். பொறியியல் நாம் கற்றதன்று. ஆயினும் அப்பெண்ணின் கேள்வி எல்லா நாட்டுக்கும் பொருந்தும் என எண்ணுகிறோம். பின்னர் சேர்க்கக்கூடியது எது, இன்றே சேர்க்க வேண்டியது எது என்று முதலில் பிரியுங்கள். அலோய் சில்லு, அடிப்படைச் சில்லின் அதே விட்டத்தில், சிறு விலை வேறுபாட்டில் கிடைத்து, காரைப் பத்தாண்டு வைத்திருக்கும் எண்ணமும் இருப்பின் வாங்குவதில் தவறில்லை. விட்டம் கூடி, ரப்பர் மெலிந்து, கடனும் நீளுமாயின் தவிர்ப்பதே நன்று. சந்தையில் மலிவாகக் கிடைக்கும் போலிச் சில்லுகளை எக்காரணம் கொண்டும் பூட்ட வேண்டாம்.

கனடாவிலும் வட ஐரோப்பாவிலும் வாழும் அன்பர்களுக்கு மேலும் ஒன்று. வீதியில் தூவும் உப்பு, கீறல் விழுந்த அலோய் சில்லை அரிக்கும். அரித்த விளிம்பால் காற்றும் கசியும். பனிக்கால ரயர்களை உருக்குச் சில்லில் பூட்டி வைத்து, நல்ல சில்லைக் கோடைக்கு ஒதுக்குவோர் கெட்டிக்காரர். கியூபெக் மாகாணத்தில் பனிக்கால ரயர் 2008 முதல் கட்டாயம் என்பதால், அங்கு இரண்டாவது தொகுதிச் சில்லுக்கும் சேர்த்தே கணக்குப் பார்த்தல் வேண்டும்.

சில்லுக்காக ஒதுக்கும் பணத்தில் முதற்பங்கு ரயருக்கு உரியது. வீதியைத் தொடுவது அதுவே.