பூஞ்சை மாதிரி... ஆனா பூஞ்சை இல்லை!

வயலில் இலையோ தூசியோ கண்ணில் படுகிறது. சில நாளில் கண் சிவந்து, கருவிழியில் வெள்ளையாய்ப் புண். சுரண்டி மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் நூல் நூலாய் இழைகள். பூஞ்சைதான் என்று நேட்டாமைசின் சொட்டு மருந்து தருவார்கள். தென்னிந்தியாவில் பூஞ்சைப் புண் சகஜம், அதனால் அந்த முடிவு நியாயம்தான்.

ஆனால் சிலருக்கு மருந்து விட விடப் புண் பெரிதாகிக்கொண்டே போகும். அங்கேதான் 'பித்தியம் இன்சிடியோசம்' மாட்டுகிறது! தோற்றத்தில் பூஞ்சை, பிறப்பில் வேறு இனம். 1845-ல் அயர்லாந்தின் உருளைக்கிழங்கை அழிக்க ஆரம்பித்த கிருமிக்குச் சொந்தம். நேட்டாமைசின் போய்ப் பிடித்துக்கொள்வது பூஞ்சையின் செல் சவ்வில் உள்ள எர்கோஸ்டெராலை. பித்தியத்தின் சவ்வில் அது இல்லை. அப்புறம் மருந்து யாரை அடிக்கும்?

வேடிக்கை என்னவென்றால், பாக்டீரியாவுக்கான லைனசோலிட், அசித்ரோமைசின் இதற்குக் கைகொடுப்பதுண்டு. ஆனால் நேரத்தோடு கண்டுபிடிக்க வேண்டும். தாமதமானால் கருவிழி மாற்று அறுவை, சிலருக்குக் கண்ணையே எடுக்கும் நிலை.

எப்படிப் பிரித்தறிவது? பித்தியத்தின் இழைகளில் குறுக்குச் சுவர்கள் அபூர்வம். வளர்த்தெடுத்த கிருமியை இலைத்துண்டோடு தண்ணீரில் வைத்தால் நீந்தும் வித்துகளை விடும். பிசிஆர் சோதனை சீக்கிரமே உறுதி சொல்லிவிடும்.

தப்பான கணக்குத் தலைப்பில் பதிந்தாலும் இருப்பாய்வு டாலி ஆகிவிடும் இல்லையா? அதே கதைதான். எல்லாம் பொருந்துகிற மாதிரி இருக்கும். புண் மட்டும் ஆறாது. அப்போது மருந்தை மட்டுமல்ல, நோயின் பெயரையும் சந்தேகப்பட வேண்டும். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிய சொட்டு மருந்தோடு காத்திருக்காதீங்க மக்களே, உடனே கண் டாக்டரிடம் போங்க!