மொக்கா... கொழுந்தா?

கும்பகோணத்துலேர்ந்து அரை மணி நேர பஸ். பட்டாசுக்கும் பங்குனி பாடைக்காவடிக்கும் பேர்போன வலங்கைமானுக்கு தை மாசம் நாங்க போனது, ஒரு மாமரத்தைப் பார்க்க. சிரிக்காதீங்க பாஸ்!

காஷ்மீர் ஆப்பிள் மரம் குளிர்ல இலையெல்லாம் உதிர்த்துட்டு மொட்டையா தூங்கும். நம்ம மாமரம் பச்சைப்பசேல்னு நின்னுக்கிட்டே ஓய்வெடுக்கும். அடைமழை விட்டு, மார்கழி ராத்திரிகள் குளிர்ந்த பிறகுதான் கிளை நுனியில மொட்டு வீங்க ஆரம்பிக்கும்.

குடமுருட்டிப் பக்கம் பெரியப்பா கொல்லை. ஒரு கிளையை வளைச்சுக் காட்டினார். "ஊசியா, ஒல்லியா இருந்தா கொழுந்து தம்பி. உருண்டு தடிச்சிருந்தா பூ. இலையைக் கசக்கிப் பாரு, முத்தி மொறமொறன்னு இருக்கணும். இளசா இருந்தா பூக்காது."

அவருக்கு இது பொழுதுபோக்கு இல்லை. குத்தகை வியாபாரி மரத்தை அண்ணாந்து பார்த்து விலை சொல்றதே இந்த மொட்டை வச்சுத்தான். போன வருஷம் பூன்னு நம்பி அட்வான்ஸ் வாங்கினார். விரிஞ்சது செம்பு நிறக் கொழுந்து! பாதிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்ததை இன்னும் பெரியம்மா சொல்லிக் காட்டுறாங்க.

சரி, பூத்துட்டா ஜெயிச்சாச்சா? அதுவும் இல்லை. ஒரு கொத்துல நூத்துக்கணக்கில் பூ. பெரும்பாலும் ஆண் பூ. காயா நிலைக்கிறது நூத்துக்கு ஒண்ணுகூடத் தேறாது. மேகமூட்டமா இருந்தா தத்துப்பூச்சி சாறு உறிஞ்சிடும். இலை பிசுபிசுன்னு ஆகும், பூ கொட்டும்.

இந்த வருஷ மொட்டு இப்போ அரிசி பருமன். வியாபாரியை ரெண்டு வாரம் கழிச்சு வரச் சொல்லிட்டார் பெரியப்பா. அட்வான்ஸைக் கையால தொடலை.