கடைசி பேட்டரி

மின்சாரப் பழுது பார்க்கப் போகிறவர் முதலில் செய்வது, இருக்கிற வெளிச்சத்தையும் அணைப்பதுதான். மெயின் சுவிட்சை இறக்கிய பிறகே கம்பியில் கை வைக்க முடியும். தில்லியின் பழைய அடுக்கு வீடுகள் பலவற்றில் மீட்டர் பெட்டிகள் மாடிப்படிக்குக் கீழே ஒடுங்கிக் கிடக்கின்றன. பகலிலும் அங்கே இருட்டு. டெஸ்டருக்கு அடுத்தபடியாக எலெக்ட்ரீஷியன் நம்பியிருப்பது டார்ச்சைத்தான்.

பிகாரிலிருந்து வந்து 15 வருடங்களாகத் தெற்கு தில்லியில் தொழில் செய்யும் அந்த எலெக்ட்ரீஷியன் பல டார்ச்சுகளைப் பார்த்துவிட்டார். இரண்டு கட்டை செல் போட்ட தகர டார்ச் முதலில். வேண்டியபோது எடுத்தால் செல் கசிந்து உப்புப் பூத்திருக்கும். பிறகு பல்லில் கடித்துக்கொள்ளும் சின்ன டார்ச். அதைக் கடித்தபடி உதவிக்கு வரும் பையனிடம் ஒரு வார்த்தை பேச முடியாது.

கான்கிரீட்டில் துளை போட 18 வோல்ட் பேட்டரி டிரில் வாங்கினார். பெட்டியில் இரண்டு பேட்டரிகளும் ஒரு சார்ஜரும் இருந்தன. வயர் வாங்க சாந்தினி சவுக்கின் பகீரத் பேலஸ் சந்தைக்குப் போன ஒரு நாள், அதே பேட்டரியில் மாட்டிக்கொள்ளும் டார்ச்சைப் பார்த்தார். பேட்டரி இல்லாமல் டார்ச் மட்டும் தனியாக விற்றது. வேறு கம்பெனி பேட்டரி அதில் பொருந்தாது, அவருடையது பொருந்தியது. பேட்டரியே அடித்தட்டாகி நிற்பதால் உருளாது. தலையைத் திருப்பி வேண்டிய பக்கம் வெளிச்சம் அடிக்கலாம்.

கணக்கும் சாதகம்தான். 18 வோல்ட், 4 ஆம்பியர்-மணி பேட்டரியில் இருப்பது 72 வாட்-மணி. 300 வாட் இழுக்கும் டிரில் தொடர்ந்து ஓடினால் கால் மணி நேரத்துக்குள் அது தீர்ந்துவிடும். 4 வாட் எல்.இ.டி. விளக்கோ கணக்குப்படி 18 மணி நேரம் எரியும். 1991இல் சோனி சந்தைக்குக் கொண்டுவந்த லித்தியம் அயான் பேட்டரியும், 1990களில் ஜப்பானில் பிறந்த பிரகாசமான நீல எல்.இ.டி.யும் சேர்ந்து தந்த வசதி இது. இரண்டின் பின்னால் இருந்தவர்களுக்கும் நோபல் பரிசு கிடைத்தது: விளக்குக்கு 2014இல், பேட்டரிக்கு 2019இல்.

ஆனால் பழைய டார்ச்சிடம் ஒரு நல்ல குணம் இருந்தது. சாகும் முன்பு சொல்லும். வெளிச்சம் மஞ்சளாகும், மங்கும். இறங்கி வர நேரம் கிடைக்கும். லித்தியம் பேட்டரி அப்படியல்ல. அளவுக்கு மீறி வடிந்தால் உள்ளிருக்கும் செல்கள் கெட்டுவிடும் என்பதால், மின்னழுத்தம் ஒரு மட்டத்துக்குக் கீழே இறங்கியதும் பாதுகாப்புச் சுற்று சட்டென்று இணைப்பைத் துண்டிக்கிறது. பேட்டரிக்கு அது நல்லது. ஏணி மேல் நிற்பவருக்கு அல்ல.

ஓர் ஆகஸ்ட் மாத இரவு அதுதான் நடந்தது. பிற்பகல் முழுக்க டிரில் ஓடியதில் இரண்டு பேட்டரிகளும் ஏறக்குறையக் காலி. மிச்சமிருந்ததை நம்பி, கருகிய நியூட்ரல் கம்பியை மாற்ற ஏணியில் ஏறினார். இரண்டு கைகளும் பெட்டிக்குள் இருக்கும்போது டார்ச் அணைந்தது. கீழே நின்ற பையன், அவர் தடுமாறுவாரே என்ற நல்லெண்ணத்தில் கேட்டான்: “உஸ்தாத், மெயினைப் போடட்டுமா?”

“தொடாதே!” என்ற கூச்சல் மூன்றாவது மாடி வரை கேட்டது.

கேட்காமலே போட்டிருந்தால்? அந்த ஒரு கேள்விதான் அவரை மூன்றாவது பேட்டரி வாங்க வைத்தது. அதில் சிவப்பு டேப் சுற்றியிருக்கிறது. அது வெளிச்சத்துக்கு மட்டும். ஏணியில் ஏறும் முன் அதன் பொத்தானை அழுத்தி எத்தனை புள்ளி எரிகிறது என்று பார்க்கிறார். ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளும் பழைய வழக்கமும் திரும்பிவிட்டது.

சில மாலைகளில் இன்னும் இரண்டே துளைகள் பாக்கியிருக்கும்போது டிரில் நின்றுவிடும். வீட்டுக்காரர்கள் சிவப்பு டேப் பேட்டரியைக் காட்டி, “அதுதான் இருக்கிறதே” என்பார்கள். அவர் சிரித்தபடி டிரிலைப் பெட்டியில் வைக்கிறார். துளை நாளைக்குப் போட்டுக்கொள்ளலாம்.