இலக்கமும் அடுக்கும்

பாடசாலை ஆய்வுகூடத்தில் மாணவன் ஒருவன் ஒரு தடையியின் தடையை அளக்கின்றான் எனக் கொள்வோம். உவோற்றுமானி 2.4 உவோற்றைக் காட்டுகின்றது, மின்னோட்டம் 0.51 மில்லியம்பியர். முன்னதைப் பின்னதால் வகுக்கக் கணிப்பானில் 4705.8823 என்னும் எண் தோன்றுகின்றது. அதனை அவ்வாறே குறிப்பேட்டில் எழுதி, விடை ஓம் என முடித்துவிடுகின்றான். எட்டு இலக்கங்களைக் கண்ட நிறைவு அவனுக்கு. ஆனால், அவற்றுள் அவன் அளந்தறிந்தவை எத்தனை? மானிகள் தந்தவை இரண்டிரண்டு இலக்கங்களே. விடையின் பிற்பகுதி கணிப்பான் தந்தது, தடையி தந்ததன்று.

தவறுணர்ந்து 4700 ஓம் எனத் திருத்தினாலும் ஐயம் முற்றாகத் தீர்வதில்லை. ஈற்றிலுள்ள பூச்சியங்கள் அளந்து கண்டவையா, இடத்தை நிரப்ப வந்தவையா என்பதை அவ்வெண் சொல்லாது. விஞ்ஞானமுறைக் குறிப்பீடு துணைக்கு வருவது இவ்விடத்திலேயே. ஒன்றுக்குக் குறையாததும் பத்திலும் சிறியதுமான ஓர் எண்ணைப் பத்தின் அடுக்கினாற் பெருக்கி எழுதுவது அம்முறை. 4.7×10³ என்று எழுதுபவன் இரண்டு இலக்கங்களுக்கே பிணை நிற்கின்றான், 4.700×10³ என்று எழுதுபவன் நான்குக்கும் பிணை நிற்கின்றான். அடுக்கு பொருளின் பருமனைச் சொல்கின்றது. இலக்கங்கள் அளந்தவனது அறிவின் எல்லையைச் சொல்கின்றன.

மிகப் பெரிய, மிகச் சிறிய அளவுகள் பயிலும் மின்னியலில் இம்முறை பூச்சியங்களின் நெருக்கடியைத் தவிர்க்கின்றது என்பது உண்மையே. எனினும் அதன் பெரும்பயன் அதுவன்று. அம்மாணவன் கையிலிருந்த தடையியையே நோக்குக. அதன்மேல் மஞ்சள், ஊதா, சிவப்பு, பொன் என நான்கு வளையங்கள். முதலிரண்டும் 4, 7 என்னும் இலக்கங்கள். மூன்றாவது பத்தின் இரண்டாம் அடுக்கு. நான்காவது, குறித்த பெறுமானத்திலிருந்து நூற்றுக்கு ஐந்து வீதம் கூடவோ குறையவோ இருக்கலாம் என்னும் ஒப்புதல். தன் ஐயத்தைத் தன் உடலிலேயே பொறித்துக்கொண்ட பொருள் அது. அதனை அளந்தவனோ தன் ஐயத்தை மறைத்துவிட்டான்.

இத்தவறு மாணவர்க்கு மட்டும் உரியதன்று. இலத்திரனின் ஏற்றத்தை எண்ணெய்த் துளிகளைக் கொண்டு அளந்த றொபேட் மில்லிக்கன் 1913இல் வெளியிட்ட பெறுமானம், இன்றைய அலகிற் கூறின், ஏறத்தாழ 1.592×10⁻¹⁹ கூலோம். காற்றின் பாகுநிலைக்கு அவர் கொண்ட பெறுமானம் பிழையானதால், ஏற்றமும் சற்றுக் குறைந்தது. அடுக்கு பிழைக்கவில்லை, இலக்கமே பிழைத்தது. பின்வந்தோரின் அளவீடுகள் சரியான பெறுமானத்தை ஒரேயடியாக எட்டாது, சிறிது சிறிதாகவே உயர்ந்தன என்று றிச்சட் பைன்மன் 1974இல் ஆற்றிய பட்டமளிப்பு விழா உரையொன்றிற் சுட்டிக்காட்டினார். மில்லிக்கனின் எண்ணிலும் மிக உயர்ந்த விடை கிடைத்தபோது அவர்கள் தம் பரிசோதனையிற் குறை தேடினர். அதனை அண்மித்த விடை கிடைத்தபோது அத்துணை தேடவில்லை என்பது அவர் தந்த விளக்கம். 2019 மே 20 முதல் அவ்வேற்றம் 1.602176634×10⁻¹⁹ கூலோம் என வரையறுக்கப்பட்டுள்ளது. இப்போது அதன் இலக்கங்கள் உடன்பாட்டால் நிலைநிறுத்தப்பட்டவை.

ஆய்வுகூடத்துக்கு வெளியேயும் இவ்வொழுக்கத்துக்கு வேலையுண்டு. நூற்றாண்டளவில் மட்டுமே சான்று நிற்கும் ஒரு நூலுக்கு ஆண்டையும் குறித்துவிடும் ஆய்வாளன், 4705.8823 எழுதிய மாணவனின் உடன்பிறந்தவனே. மில்லிக்கனின் எண்ணுக்கு அஞ்சியோரைப் போன்று, மூத்த அறிஞரின் முடிபுக்கு அஞ்சித் தன் சான்றை ஒதுக்குபவனும் நம்மிடையே உளன். கலைத்துறையில் இப்பிழைகளைக் காட்டிக்கொடுக்க மானிகள் இல்லை. ஆதலின், எத்தனை இலக்கங்களுக்குப் பிணை நிற்கமுடியும் என்னும் வினாவை எழுதுபவனே தன்னிடம் கேட்டுக்கொள்ள வேண்டியுள்ளது.